நிலக்கரிக் கணப்பைச் சுற்றி வளர்ந்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1962 செப்டம்பரில், எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, மதுரையிலிருந்து தெற்கு வேல்ஸின் ரொந்தா பள்ளத்தாக்குக்குக் குடிபோனோம். அப்பா மருத்துவர். சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த அந்த ஊர்களுக்கு வந்து வேலை பார்க்க உள்ளூர் மருத்துவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. இந்தியாவிலிருந்து வந்த மருத்துவர்கள் பலர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் வீட்டுக் குளிரை விரட்டியது நிலக்கரி. ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களும், வீட்டில் பேரப்பிள்ளைகளும் அதைப் பற்றி என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரொந்தா எப்படிப்பட்ட ஊர்? அங்கே ஏன் எல்லா வீட்டிலும் நிலக்கரி?

கார்டிஃப் நகரத்துக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவில் இரண்டு நீளமான பள்ளத்தாக்குகள். இரண்டும் சேர்ந்ததுதான் ரொந்தா. கீழே ஆறு, ரயில் பாதை, சுரங்கம். மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள், வரிசைக்கு மேல் வரிசையாக. 1913-ல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 5.7 கோடி டன் கரி எடுத்தன. உலகத்துக் கப்பல்களெல்லாம் அந்தக் கரியில் ஓடிய காலம் அது. நாங்கள் போனபோது அந்தச் செழிப்பு முடிந்திருந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஆனாலும் வீட்டில் கரி எரிப்பது மட்டும் நிற்கவில்லை. வேல்ஸில் மட்டும் இல்லை, 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டன் முழுக்கப் பெரும்பாலான வீடுகளுக்குக் கரிதான் சூடு தந்தது.

நம் ஊர் அடுப்புக்கரி மாதிரிதானே?

இல்லை. இஸ்திரிப் பெட்டியிலும் குமுட்டி அடுப்பிலும் போடுகிற கரி, மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பது. லேசாக இருக்கும், சீக்கிரம் பற்றும், புகையும் குறைவு. நிலக்கரி என்பது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள் மண்ணுக்கடியில் அழுந்திக் கல்லாகிப் போனது. கையில் எடுத்தால் கனக்கும், உடைத்தால் உள்ளே பளபளக்கும். பற்ற வைப்பது கஷ்டம். பற்றிவிட்டால் மணிக்கணக்கில் எரியும். நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி இதைவிட வயதில் மிகவும் இளையது. அதிலிருந்து செய்த லெகோ கரியை வீட்டு அடுப்பில் பயன்படுத்தியவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பாதி புரிந்திருக்கும்.

வீட்டுக்குள் நெருப்பு வைத்தால் புகை மண்டாதா?

கணப்பு என்பது சுவருக்குள் குடைந்த ஒரு மாடம். அதன் மேல் சுவருக்குள்ளேயே புகைக்கூண்டு ஏறிக் கூரைக்கு வெளியே போகும். மாடத்துக்குள் இரும்புக் கம்பித் தட்டு, அதன் மேல் கரி, அதற்குக் கீழே சாம்பல் விழும் தட்டு. சூடான காற்று மேலே இழுத்துக்கொண்டு போவதால் புகையும் கூடவே போய்விடும். காற்று எதிர்த் திசையில் அடிக்கும் நாட்களில் மட்டும் பொசுக்கென்று ஒரு புகைச்சுருள் அறைக்குள் திரும்பி வரும். அந்த நெடி திரைச்சீலையிலும் ஸ்வெட்டரிலும் கடைசிவரை போகாது.

இந்த அமைப்பில் பெரிய குறை ஒன்று உண்டு. திறந்த கணப்பில் எரிகிற கரியின் வெப்பத்தில் பெரும்பங்கு புகைக்கூண்டு வழியாக வானத்துக்குத்தான் போகும். நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு அறைக்குக் கிடைத்தாலே அதிகம். அதோடு, மேலே போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்குளிர் உள்ளே பாயும். நெருப்பு நன்றாக எரிய எரிய முதுகில் அடிக்கும் குளிர்காற்றும் அதிகமாகும். அதைத் தடுக்கப் பழந்துணி அடைத்த நீளமான தலையணையைக் கதவடியில் போட்டுவைப்பார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் தைத்தது.

காலையில் நெருப்பு மூட்டுவது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல மிகவும் பிடிக்கும். எட்டு வயதிலேயே எனக்கு இது கைவந்துவிட்டது.

முதலில் நேற்றைய சாம்பலை அள்ள வேண்டும். மெதுவாக அள்ளாவிட்டால் அறை முழுக்கப் பறக்கும். முழுசாக எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். அவற்றை மறுபடி எரிக்கலாம். அப்புறம் பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கம்பித் தட்டில் பரப்பி, அதன் மேல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்க வேண்டும். ரொந்தாவில் சுள்ளிக்குப் பஞ்சமே இல்லை. சுரங்கக் கூரையைத் தாங்க முட்டுக் கொடுக்கும் மரத்தில் மிஞ்சிய துண்டுகளைத் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டு வருவது வழக்கம். எதிர்வீட்டுத் தாத்தா தன் பங்கில் ஒரு கட்டையைப் பிளந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

சுள்ளிகளின் மேல் சிறு கரித்துண்டுகள். பெரிய துண்டை முதலிலேயே வைத்தால் காற்றோட்டம் அடைபட்டு எல்லாம் அணைந்துவிடும். காகிதத்தில் தீக்குச்சியை மூன்று நான்கு இடத்தில் காட்ட வேண்டும். காகிதம் எரிந்து சுள்ளி பற்றி, கரி லேசாகச் சீறத் தொடங்கும்போதுதான் முக்கியமான கட்டம். செய்தித்தாளின் முழு விரிப்பு ஒன்றைக் கணப்பின் வாயை மூடும்படி இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். மேலே காற்றுப் புகும் வழி அடைபட்டதும், கீழே கம்பித் தட்டு வழியாக மட்டும் காற்று உள்ளே விரையும். நெருப்பு உறுமும். தாளுக்குப் பின்னால் செம்மஞ்சள் வெளிச்சம் படரும். தாளின் நடுவில் பழுப்பு நிறம் தெரிந்த நொடியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தாள் பற்றிக்கொள்ளும். பெரிய அளவுத் தாள் என்பதால் எங்கள் தெருவில் இதற்கு ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழ்தான் உசத்தி.

நன்றாகப் பற்றுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அறை சூடாக இன்னும் அரை மணி. ஆறு மணிக்கு யாராவது எழுந்தால்தான் ஏழு மணிக்கு மற்றவர்கள் நடுங்காமல் உடை மாற்ற முடியும்.

ராத்திரி அணைத்துவிடுவீர்களா?

கடுங்குளிரில் அணைக்க மாட்டோம். படுக்கப் போகுமுன் ஈரமான கரித்தூளை நெருப்பின் மேல் கனமாகப் போட்டு மூடிவிடுவோம். தேயிலைச் சக்கையும் உருளைக்கிழங்குத் தோலும் அதோடு சேரும். மூடிய நெருப்பு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். காலையில் இரும்புக் கம்பியால் மேலோட்டை ஒரு குத்து குத்தினால் உள்ளே சிவப்பாக இருக்கும். அன்றைக்கு மூட்டும் வேலை மிச்சம். சில வீடுகளில் நவம்பரில் மூட்டிய நெருப்பு மார்ச் வரை அணையாது என்று சொல்வார்கள். எதிர்வீட்டில் அது உண்மைதான்.

கரி வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?

அங்கே அப்போது இரண்டு வகை வீடுகள் இருந்தன. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு கரியும் ஒரு பங்காகக் கிடைக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கும், பல இடங்களில் இறந்தவர்களின் மனைவிமார்களுக்கும்கூட உண்டு. லாரி வந்து ஒரு டன் கரியை மூட்டை கட்டாமல் அப்படியே வீட்டு வாசலில், நடுத்தெருவில் கொட்டிவிட்டுப் போய்விடும். இருட்டுவதற்குள் அதை வாளி வாளியாகக் கொல்லைப்புறக் கரிக்கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். பின்சந்து இல்லாத வீடு என்றால் முன்கதவில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். பழைய சாக்கைத் தரையில் விரித்துவிடுவார்கள். தனியாக இருக்கும் மூதாட்டிகளுக்குப் பக்கத்துப் பையன்கள் அள்ளிக் கொடுத்தால் ஆறு பென்ஸ் கிடைக்கும். நானும் அண்ணனும் அதைச் செய்திருக்கிறோம். முதல் தடவை நாங்கள் கருத்துப் போய் வந்து நின்றதைப் பார்த்து அம்மாவுக்குக் கோபம். அப்பாவோ, இந்தத் தெருவில் இருக்கிறோம், இந்தத் தெரு வேலையைச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

கொட்டிய கரியைச் சுற்றியிருக்கும் தெருவைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை அந்த வீட்டுப் பெண்கள் உள்ளே போக மாட்டார்கள். வாசல்படியில் கரித்தடம் இருப்பது அவர்களுக்கு அவமானம்.

மருத்துவர் வீட்டுக்கு இலவசக் கரி கிடையாது. நாங்கள் கரி வியாபாரியிடம் வாங்கினோம். ஒரு மூட்டை 112 பவுண்டு, அதாவது 51 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை முதுகில் தூக்கி வந்து கொட்டுவார்கள். முதுகில் தோல் அங்கி, முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும். கொட்டிய மூட்டைகளை எண்ணுவது என் வேலை. லண்டன் போன்ற நகரங்களில் நடைபாதையிலேயே வட்டமான இரும்பு மூடி போட்ட துளை இருக்கும், அதைத் திறந்து நேராக நிலவறைக்குள் கரியைக் கொட்டுவார்கள். பழைய லண்டன் தெருக்களில் அந்தப் பூவேலை செய்த மூடிகளை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கரிக்கு வந்த பங்கீடு 1958 வரை நீடித்தது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் கட்டுப்பாடு நீங்கிச் சில வருடங்கள் கழித்துத்தான் கரிக்கு நீங்கியது. பங்கீட்டுக் காலத்தில் குடும்பம் நடத்திய பெண்கள் அதற்குப் பிறகும் ஒரு துண்டுக் கரியை வீணாக்கவிட மாட்டார்கள்.

வீடு முழுக்கக் கதகதப்பாக இருக்குமா?

ஒரே ஓர் அறைதான். பின்பக்கத்து அறையில் நெருப்பு. சாப்பாடு, வீட்டுப்பாடம், தையல், வானொலி, சண்டை எல்லாம் அங்கேயே. முன்னறையில் கிறிஸ்துமஸுக்கும், யாராவது இறந்தாலும்தான் நெருப்பு. மாடியில் படுக்கையறைகளிலும் சிறிய கணப்பு இருந்தது. ஆனால் நோய் வந்து படுத்தால் மட்டுமே அதை மூட்டுவார்கள். தட்டம்மை வந்தபோது என் கட்டிலுக்கு எதிரே ஒரு வாரம் நெருப்பு எரிந்தது. எனக்கு அது திருவிழா.

காலையில் கண் விழித்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி உறைந்து இலை இலையாகப் படர்ந்திருக்கும். நம் மூச்சிலிருந்த ஈரம்தான் அப்படி உறைகிறது. பள்ளி உடையைப் போர்வைக்குள் இழுத்து, உள்ளேயே மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் ஓடி வந்து கணப்பின் முன் நிற்போம். குளிரில் விறைத்த விரல்களை அப்படியே நெருப்பில் காட்டக் கூடாது. காட்டினால் சிவந்து வீங்கி, ராத்திரியெல்லாம் அரித்துக் கொல்லும். சில்பிளைன் என்று அதற்குப் பெயர். அங்கே வளர்ந்த குழந்தைகள் எல்லாருக்கும் அது தெரியும்.

1963 குளிர்காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அதுதான் எங்களுக்கு அந்த நாட்டில் முதல் குளிர்காலம். 1962 டிசம்பர் 26-ல் பனி விழத் தொடங்கியது. மாதக் கடைசியில் வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் பனிப்புயல். 1963 ஜனவரிதான் பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் மிகக் குளிர்ந்த மாதம். மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கும் 2.1 பாகை கீழே போனது. பனி முழுசாக விலக மார்ச் ஆனது.

அம்மா புடவைக்கு மேல் இரண்டு கம்பளி ஸ்வெட்டர், காலில் அப்பாவின் சாக்ஸ் என்று நடமாடினார். குழாய்கள் உறைந்துவிட்டன. வாசலில் பனியைச் சட்டியில் அள்ளிக் கணப்பின் மேல் வைத்து உருக்கினோம். மேட்டுத் தெருவுக்குக் கரி லாரி ஏற முடியாமல் போனபோது, பங்குக் கரி இருந்த வீடுகள் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தன. அந்தக் கரியை விற்கக் கூடாது என்பது விதி, கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி சறுக்கும் தெருவைக் கடந்து, சாம்பலைத் தூவித் தூவி வழி செய்துகொண்டு, வாளி நிறையக் கரியோடு வந்தார். எங்களைப் பார்த்துப் பேசவே தயங்கிய சிலர் இருந்த தெருவில் முதலில் கதவைத் தட்டியவர் அவர்தான். அதற்காகவே நான் இன்றும் ரொந்தாவை என் ஊர் என்கிறேன்.

வெந்நீருக்கு என்ன செய்தீர்கள்?

கணப்பின் பின்சுவரில் ஒரு பாய்லர் பதித்திருந்தது. நெருப்பு எரியும்போது தண்ணீரும் சூடாகும். கோடையிலும் வெந்நீர் வேண்டுமென்றால் நெருப்பு மூட்டியாக வேண்டும். குளியலறை இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் பல. தகரத் தொட்டி ஒன்று கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும். வாரம் ஒருநாள் அதை நெருப்பின் முன் வைத்துக் குடும்பமே வரிசையாகக் குளிக்கும். அதற்கு முந்தைய தலைமுறையில், சுரங்க வாசலில் குளியல் கூடங்கள் கட்டப்படும் முன், வேலை முடிந்து வந்த ஆண்கள் தினமும் அப்படித்தான் குளித்தார்கள். ஒரு வீட்டில் அப்பாவும் மூன்று மகன்களும் வெவ்வேறு ஷிஃப்டில் போனால், அந்த வீட்டுப் பெண் ஒரு நாளில் எத்தனை கொப்பரை தண்ணீர் சுட வைத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

கணப்பில் சமையல் உண்டா?

எங்களுக்குச் சமைக்க எரிவாயு அடுப்பு இருந்தது. அந்த வாயுவும் கரியிலிருந்து எடுத்ததுதான். கணப்பில் ரொட்டி சுடுவோம். நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, சுடர் அடங்கிய செந்தணலுக்கு எதிரே பிடித்தால், கருகாமல் மொறுமொறுவென்று வரும். சுடரில் பிடித்தால் புகைநெடி ஏறிவிடும். அப்பளத்தையும் இடுக்கியில் பிடித்து அப்படிச் சுட்டிருக்கிறோம். கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு செய்ய அம்மா ஒருமுறை முயன்றார். தோலையும் தாண்டி உள்ளே இறங்கிய கந்தக நெடியில் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

ஆனால் இட்லி மாவுக்குக் கணப்பைப் போல ஓர் இடம் கிடையாது. அந்த நாட்டுக் குளிரில் மாவு மூன்று நாள் வைத்தாலும் அசையாது. மூடிவைத்த நெருப்புக்குப் பக்கத்தில் ராத்திரி வைத்தால் காலையில் பொங்கி மூடியைத் தள்ளியிருக்கும். தயிரும் அங்கேதான் உறையும். புளித்த மாவு வாசனையும் கரி வாசனையும் கலந்ததுதான் என் குழந்தைப் பருவத்தின் காலை.

இதெல்லாம் யாருடைய வேலை?

பெண்களின் வேலை. கரியைப் பற்றி இனிமையாக எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கதகதப்பு தானாக வரவில்லை.

சாம்பலை அள்ளுவது, மூட்டுவது, கரி சுமப்பது, அணையாமல் பார்த்துக்கொள்வது தினசரி வேலை. கணப்பின் இரும்பு முகப்புக்குக் கருப்பு மெருகு பூசிக் கண்ணாடி போலத் தேய்ப்பது வாராந்தர வேலை. இதற்கு மேல், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றின் மேலும் தினமும் படியும் தூசி. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். தெரு முழுக்கக் கொடியில் வெள்ளை விரிப்புகள் தொங்கும். காற்று சுரங்கப் பக்கமிருந்து திரும்பினாலோ, பக்கத்து வீட்டுப் புகைக்கூண்டு கக்கினாலோ, கரும்புள்ளிகள் வந்து ஒட்டிவிடும். மறுபடியும் முதலிலிருந்து துவைக்க வேண்டும். மதுரையில் வேலைக்கு ஆள் இருந்த வீட்டில் வளர்ந்த அம்மா, முழங்காலிட்டுச் சாம்பல் அள்ளக் கற்றுக்கொண்டார். வெடித்துப்போன விரல் நுனிகளில் கருப்பு ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாது. இதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. 1974-ல் எரிவாயு வெப்பமூட்டி வந்த அன்று ஒரு நாள் முழுக்க அவர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆபத்து இல்லையா?

நிறைய. கணப்பின் முன் கம்பித் தடுப்பு இல்லாமல் குழந்தையைத் தனியே விட்டு அதற்குத் தீக்காயம் பட்டால், பெரியவர்கள் மேல் வழக்குப் போடவே சட்டம் இருந்தது. இரவு உடை பற்றிக் குழந்தைகள் இறப்பது அடிக்கடி நடந்ததால், எளிதில் தீப்பிடிக்காத துணியில்தான் குழந்தைகளின் இரவு அங்கிகளைத் தைக்க வேண்டும் என்று 1964-ல் விதி வந்தது. அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகாமல் அந்தப் பக்கம் போக மாட்டார்.

இன்னொன்று புகைக்கூண்டுத் தீ. உள்சுவரில் படிந்த புகைக்கரி பற்றிக்கொண்டால், கூண்டு முழுக்க ரயில் போவது மாதிரி இரைச்சல் கேட்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது துடைக்க ஆள் வருவார். கழிகளை ஒன்றோடொன்று திருகி நீட்டி, நுனியில் வட்டத் தூரிகையை வைத்து மேலே தள்ளுவார். தூரிகை கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கிறதா என்று சொல்லத் தெருப்பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடுவோம். அந்தத் தூரிகைக்கு முன்னால் என்ன இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏழைச் சிறுவர்களையே கூண்டுக்குள் ஏற்றித் துடைக்க வைத்தார்கள். ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் 1875-ல் அப்படிச் சிக்கி இறந்த பிறகுதான் அதே ஆண்டில் உறுதியான சட்டம் வந்து அந்தக் கொடுமை முடிந்தது.

புகைக்கூண்டு பறவைக்கூட்டால் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிர்காலத்தில் ஒரு குடும்பமே தலைவலி என்று வந்தால், அப்பா மருந்து எழுதுமுன் கணப்பைப் பற்றித்தான் விசாரிப்பார்.

லண்டன் புகைமூட்டம் என்கிறார்களே, அதுவும் இதனால்தானா?

பெரும்பாலும் இதனால்தான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் காற்று அசையாமல் நின்றுவிட்டது. லட்சக்கணக்கான கணப்புகளின் புகையும் மின் நிலையங்களின் புகையும் மூடுபனியோடு கலந்து தரையிலேயே தங்கின. பேருந்துக்கு முன்னால் விளக்கோடு ஆள் நடந்து வழி காட்ட வேண்டியிருந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் புகை உள்ளே புகுந்து ஓர் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்போதைய கணக்கில் 4,000 பேர் இறந்தார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போக, மட்டமான தூள்கரியைத்தான் மக்களுக்கு மலிவாக விற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் புகையில்லாப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. சுரங்க ஊர்களில் அது மெதுவாகத்தான் நடந்தது. சம்பளத்தின் ஒரு பங்காகக் கரி வாங்குகிறவர்களிடம் கரி எரிக்காதே என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கரியை எடுத்தவர்களைப் பற்றிச் சிறு வயதில் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

தெரியாமல் அங்கே வளர முடியாது. அப்பாவின் காத்திருப்பு அறையில் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் நான்கு படி ஏறிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கரித்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகும் நோய். கார்டிஃபுக்குப் பக்கத்தில் லாண்டோக் மருத்துவமனையில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. ஆர்ச்சி காக்ரன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1950-களில் ரொந்தாவின் சிறிய பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய், ஏறக்குறைய எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்து இந்த நோயை ஆராய்ந்தார். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் அந்த நோய்தான். கடைசி இரண்டு குளிர்காலம் அவர் படுக்கவே இல்லை, கணப்பின் எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மலைக்கு அந்தப்பக்கம் அபர்வான் என்ற ஊரில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு மழையில் சரிந்து, காலை ஒன்பதேகால் மணிக்குப் பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பள்ளியையும் வீடுகளையும் மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அந்தக் குழந்தைகளில் பலருக்கும் அந்த வயதுதான். எங்கள் தெரு ஆண்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள், அப்பாவும் போனார். மறுநாள் திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லை. பொறுப்பு, சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தினுடையது என்று 1967-ல் விசாரணை ஆணையம் தெளிவாகச் சொன்னது. எங்கள் பள்ளிக்குப் பின்னாலும் அப்படி ஒரு மேடு இருந்தது. அதற்குப் பிறகு மழை பெய்யும் நாட்களில் அம்மா எங்களைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குவார்.

அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று தோன்றுமா?

கரி திரும்ப வேண்டாம். இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. அம்மாவின் கைகளையும் எதிர்வீட்டுத் தாத்தாவின் மூச்சையும் பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வேன்?

ஆனால் ஒரே அறையில் எல்லாரும் இருந்தோம் என்பதை நினைப்பேன். குளிர் எங்களை அங்கே தள்ளியது. அண்ணன் கணக்குப் போட, நான் வாய்ப்பாடு சொல்ல, அம்மா ஊருக்குக் கடிதம் எழுத, அப்பா தூங்கி விழ, ஒவ்வொருவரும் மற்றவர்களின் நாளைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். கோபித்துக்கொண்டு தனியறைக்குப் போனாலும் கால் மணி நேரத்தில் குளிர் திருப்பி அனுப்பிவிடும். வீடு முழுக்கச் சமமாகச் சூடு பரவியதும், பிள்ளைகள் ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டார்கள். இப்போது என் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எல்லாரும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்கள்.

பிரிட்டனில் கரி எப்போது முடிந்தது?

கொஞ்சம் கொஞ்சமாக. வட கடலில் எரிவாயு கிடைத்ததும், 1967 முதல் பத்தாண்டுகளில் நாட்டில் கரிவாயுவில் எரிந்த அடுப்புகளையெல்லாம் அதற்கு மாற்றினார்கள். 1970-களின் தொடக்கத்தில்கூட, வீடு முழுக்க வெப்பமூட்டும் வசதி மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குச் சற்று மேல்தான். 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சுரங்கக் குடும்பங்களுக்கே கரி இல்லாமல், கழிவு மேடுகளில் தோண்டிப் பொறுக்கினார்கள். ரொந்தாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடியது. இங்கிலாந்தில் பழைய வகை வீட்டுக்கரி விற்பதற்கு 2023 மே 1 முதல் தடை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது.

இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கார்டிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மெர்த்திர் டிட்ஃபில் ஊரிலிருந்து ஆறு தொழிலாளர் வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஆண்டில் இருந்தபடி உள்ளே அமைக்கப்பட்டிருக்கிறது. கணப்பு எப்படி மாறியது என்பதை அந்த வரிசையில் நடந்தே தெரிந்துகொள்ளலாம். 1955-ஆம் ஆண்டு வீட்டைப் பார்த்தால் எங்கள் வீட்டைப் பார்த்த மாதிரிதான். நுழைவுக் கட்டணம் கிடையாது.

சுரங்கத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் பிளைனாவனில் பிக் பிட். 1980-ல் மூடிய சுரங்கம், 1983 முதல் அருங்காட்சியகம். சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு, பழைய தொழிலாளர்களே கூண்டில் அழைத்துப் போகிறார்கள். கைபேசி, பேட்டரி போட்ட கடிகாரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிட வேண்டும். கோடையிலும் உள்ளே குளிரும், அதனால் ஸ்வெட்டரும் நல்ல ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள்.